தாமதம் எந்தக் கட்டத்தில்?

ஒரு மனு பதிவான நாள் முதல் முடிவான நாள் வரை எத்தனை நாட்கள் ஆயின என்பதை அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே எண்ணாகத் தருகின்றன. அந்நாட்கள் எந்த மேசையில் கழிந்தன என்பது அவ்வெண்ணிலிருந்து புலப்படுவதில்லை. ஒவ்வொரு கட்டத்திற்கும் தனித்தனியே சராசரிக் காலம் கணக்கிடுவது இதனாலேயே தேவையாகிறது.

2005-ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் ஊதியம் வழங்கப்பட்ட முறையை மாணவர்கள் இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மஸ்டர் ரோல் முடிந்த பதினைந்து நாட்களுக்குள் ஊதியம் சேர வேண்டியிருந்தது. பதினாறாம் நாள் முதல், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் நிலுவை ஊதியத்தில் 0.05 விழுக்காடு இழப்பீடு தரப்பட வேண்டும் என்பது விதியாக இருந்தது. ரூ.2,000 நிலுவைக்கு இது நாளொன்றுக்கு ஒரு ரூபாய். தொகை சிறிதே, எனினும், அதைக் கணக்கிட வேண்டிய கடமை தாமதத்திற்குப் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியைத் தவிர்க்க இயலாததாக்கியது.

பணம் இரு கட்டங்களைக் கடந்தது. அளவீடு, ஊதியப் பட்டியல், நிதி மாற்று ஆணையில் இரண்டாம் கையொப்பம் ஆகியவை மாநில நிருவாகத்தைச் சார்ந்த முதற்கட்டம். அவ்வாணை மத்திய அரசிடம் சென்று, பொது நிதி மேலாண்மை அமைப்பின் வழியே தொழிலாளியின் வங்கிக் கணக்கில் வரவாவது இரண்டாம் கட்டம். இழப்பீட்டுக் கணக்கோ முதற்கட்டத்துடன் நின்றுவிட்டது. பணம் கைக்கு வராமலே, உரிய காலத்தில் பணி முடிந்ததாக ஏட்டில் பதிவாகும் நிலை ஏற்பட்டது. சுவராஜ் அபியான் வழக்கில் 18-5-2018 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இரண்டாம் கட்டத் தாமதத்திற்கும் இழப்பீடு உண்டு என்று கூறிற்று.

கட்டங்களை முழுமையாக எண்ணினாலும் கணக்கு பிழையாக வாய்ப்புண்டு. ஒரு பிரிவுக்குப் பத்துக் கோப்புகள் வந்தன எனக் கொள்வோம். ஒன்பது கோப்புகள் மூன்று நாட்களில் முடிந்தன, ஒன்று கிடக்கிறது. முடிந்தவற்றை மட்டும் எண்ணினால் சராசரி 3 நாட்கள். கிடந்த கோப்பு 63-ஆம் நாள் முடிந்ததும் சராசரி 9 ஆகிவிடும். அதாவது, பழைய நிலுவையைத் தீர்த்த மாதமே அப்பிரிவுக்கு மோசமான மாதமாக அறிக்கையில் தோன்றும்! இதைக் கண்டு பழைய கோப்புகளைத் தொடத் தயங்கும் பிரிவு அலுவலரைக் குறை கூறிப் பயனில்லை. அறிக்கைப் படிவமே அவரை அவ்வழியில் செலுத்துகிறது. நிலுவைக் கோப்புகளின் வயதையும், பத்துக் கோப்புகளின் இடைநிலை அளவான 3 நாட்களையும் சராசரியின் அருகிலேயே தருவது நன்று.

சராசரியைச் சரிபார்க்க எளிய வழியும் உண்டு. வரவும் தீர்வும் ஏறத்தாழச் சமமாக உள்ள பிரிவில், நிலுவை எண்ணிக்கையை நாள் வரவால் வகுத்தால் சராசரித் தங்கல் காலம் கிடைக்கும். ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி இது. நாள்தோறும் 20 மனுக்கள் வர, 300 நிலுவையில் இருப்பின், ஒவ்வொன்றும் சராசரியாக 15 நாட்கள் தங்குகிறது. அறிக்கை 4 நாட்கள் என்று சொன்னால், நிலுவை எங்கோ கணக்கிலிருந்து நழுவியிருக்கிறது.

திரும்பி வரும் கோப்புகள் தனிச் சிக்கல். கணக்கு எண் தவறால் வங்கி திருப்பியனுப்பிய ஊதியம் மீண்டும் முதற்கட்டத்திற்கே வருகிறது. அதைப் புதிய வரவாகப் பதிந்தால் முன்பு கழிந்த நாட்கள் மறைந்துவிடும். ஒரே கட்டத்தில் ஒரு கோப்பு எத்தனை முறை தங்கினாலும் அந்நாட்களை ஒன்றாகக் கூட்ட வேண்டும். எத்தனை முறை திரும்பியது என்பதைத் தனிப் பத்தியில் காட்ட வேண்டும்.