சூடான கார் ஏன் முரண்டு பிடிக்கிறது?

அம்பாசடர் கார்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் 1958 முதல் 2014 வரை தயாரான அந்த வண்டிகளுள் சில இன்றும் நம் சாலைகளில் ஓடுகின்றன. கார்புரேட்டர் பொருத்திய பழைய வண்டிகளிடம் ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பும். வெயிலில் நாற்பது கிலோமீட்டர் தடையின்றி ஓடும். ஓட்டுநர் தேநீர் குடிக்கக் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு வந்து திரும்பக் கிளப்பினால் மட்டும் மாட்டேன் என்று நின்றுவிடும். 'செல்ஃப்' மோட்டார் சுற்றும். ஆனால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. ஒரு மணி நேரம் கழித்து, யாரும் எதையும் தொடாமலேயே, ஒன்றும் நடவாததுபோல் கிளம்பிவிடும். பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே எந்தப் பழுதும் தெரியாது. அதற்குள் வண்டி ஆறிவிட்டது அல்லவா?

இந்தத் தொல்லைக்கு ஆளானவர்கள் முதலில் பெட்ரோல் பம்பை மாற்றுவார்கள். சரியாகவில்லையென்றால் காயிலை மாற்றுவார்கள். பிறகு கார்புரேட்டரையே மாற்றுவார்கள். பணம் போகும், பழுது போகாது. ஆனால் இதைக் கண்டுபிடிக்கத் தேவையான இயற்பியல் முழுவதும் உங்கள் பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது.

முதலில் அந்தக் கால் மணி நேரத்தைக் கவனியுங்கள். எஞ்சினை நிறுத்திய உடனே திரும்பக் கிளப்பினால் வண்டி கிளம்புகிறது. ஒரு மணி நேரம் கழித்தும் கிளம்புகிறது. இடைப்பட்ட நேரத்தில்தான் அடம்பிடிக்கிறது. எஞ்சின் நின்றதும் ஆறத் தொடங்கிவிடும் என்றுதான் எவரும் நினைப்பர். பானெட்டுக்கு அடியில் நடப்பதோ வேறு. வண்டி ஓடும்போது விசிறி காற்றை வீசுகிறது. ரேடியேட்டர் நீர் சுழல்கிறது. குளிர்ந்த பெட்ரோல் வந்துகொண்டே இருக்கிறது. எஞ்சின் நின்ற கணத்தில் இவை மூன்றும் ஒருசேர நின்றுவிடுகின்றன. புகை வெளியேறும் இரும்புக் குழாயின் வெப்பநிலையோ அப்போதும் சில நூறு டிகிரி இருக்கும். அந்த வெப்பம் வெளியேற வழியின்றிச் சுற்றியுள்ள பாகங்களுக்குப் பரவுகிறது. ஆகவே கார்புரேட்டரும் பம்பும் வண்டி ஓடியபோது இருந்ததைவிட நின்ற பிறகே அதிகமாகச் சூடேறுகின்றன. பத்து இருபது நிமிடங்களில் அந்தச் சூடு உச்சத்தை அடைந்து, பிறகே இறங்கத் தொடங்குகிறது. அம்பாசடரின் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினில் கார்புரேட்டரும் புகைக் குழாயும் ஒரே பக்கத்தில் அமைந்தவை. அடுப்புக்கு மேலே பால் பாத்திரத்தை வைத்ததுபோல என்று சொல்லலாம்.

இனி பெட்ரோலைப் பார்ப்போம். தண்ணீருக்கு உள்ளதுபோல் பெட்ரோலுக்கு ஒரே கொதிநிலை கிடையாது. அது பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதிலுள்ள இலேசான பொருள்கள் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும். கனமானவை 200 டிகிரிக்கு அருகில்தான் கொதிக்கும். அப்படியானால் சித்திரை வெயிலில் பானெட்டின் அடியில் அதன் நிலை என்னவாகும்?

கொதிநிலை அழுத்தத்தைப் பொறுத்தது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் தொட்டி வண்டியின் பின்புறம் இருக்கிறது. பம்போ முன்னே, சூடான எஞ்சின் உடம்பிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. அது பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைவிடக் குறைவு. ஆகவே அங்கே பெட்ரோல் இன்னும் எளிதில் கொதிக்கும். இதை நீங்களே செய்து பார்க்கலாம். ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்றில் கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றே அதிகமான வெந்நீரைக் கால் பாகம் உறிஞ்சுங்கள். உள்ளேயுள்ள காற்றை வெளியேற்றி, முனையை விரலால் இறுக அடைத்து, தண்டைப் பலமாகப் பின்னுக்கு இழுங்கள். 60, 70 டிகிரி நீரே குமிழியிட்டுக் கொதிப்பதைக் காண்பீர்கள். தண்டை விட்டதும் குமிழிகள் மறைந்துவிடும். (பெட்ரோலைக் கொண்டு இதை ஒருபோதும் செய்யக்கூடாது.)

ஒரு பங்கு பெட்ரோல் ஆவியானால் இருநூறு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்ளும். பம்பின் சவ்வு மேலும் கீழும் அசையும்போது திரவமாக இருந்தால் முன்னே தள்ளப்படும். ஆவியாக இருந்தால் அழுந்தி விரிந்து, அழுந்தி விரிந்து, அங்கேயே இருக்கும். பம்பு வேலை செய்தும் பெட்ரோல் நகராது. இதற்கு ஆவியடைப்பு என்று பெயர். மலைப்பாதையில் இது மோசமாகும். சுமார் 2240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். ஏற்றத்தில் எஞ்சின் அதிகம் உழைத்துச் சூடாகிறது. அழுத்தமோ குறைந்துகொண்டே போகிறது.

இதுவரை சொன்னது பெட்ரோல் வராததால் வரும் கேடு. இதற்கு நேர் எதிரான கேடும் உண்டு. கார்புரேட்டரின் மிதவை அறையில் தேங்கியுள்ள பெட்ரோல் கொதித்தால், அது பொங்கி வழிந்து எஞ்சினுக்குள் போய்விடும். பெட்ரோல் ஆவி காற்றில் கன அளவில் சுமார் ஒன்றரை முதல் ஏழரை சதவீதம் வரை இருந்தால்தான் தீப்பற்றும். அதற்குக் குறைந்தாலும் பற்றாது, மிஞ்சினாலும் பற்றாது. ஆகவே பட்டினியும் அஜீரணமும் வெளியே ஒரே மாதிரி தெரிகின்றன. வேறுபடுத்துவது எப்படி? மூக்கைப் பயன்படுத்துங்கள். பெட்ரோல் வாடை பலமாக வீசி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் நனைந்திருந்தால், அது அஜீரணம். சோக்கைத் தொடாமல் ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃபைச் சுற்ற வேண்டும். உள்ளே புகும் காற்று மிகுதியான ஆவியைத் துரத்திவிடும். பலர் பதற்றத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு மிதிப்பார்கள். ஒவ்வொரு மிதிக்கும் கார்புரேட்டர் இன்னும் கொஞ்சம் பெட்ரோலைப் பீய்ச்சும். பிளக் உலர்ந்திருந்து, வாடையும் இல்லையென்றால் ஆவியடைப்பைச் சந்தேகிக்கலாம்.

வாடையும் பிளக்கும் சரியாகவே இருந்து, பொறி மட்டும் பலவீனமாக இருந்தால்? இங்கேதான் காயில் வருகிறது. காயிலின் முதன்மைச் சுருளின் தடை ஏறத்தாழ 3 ஓம் என்று கொள்வோம். 12 வோல்ட் பாட்டரியிலிருந்து அதில் பாயும் மின்னோட்டம் 4 ஆம்பியர். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0039 பங்கு கூடும். 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடேறினால் தடை 3.94 ஓம் ஆகிறது. மின்னோட்டம் 3.05 ஆம்பியராகக் குறைகிறது. நான்கில் ஒரு பங்குதானே குறைந்தது என்று நினைக்காதீர்கள். காயிலில் சேரும் காந்த ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே ஆற்றல் 58 சதவீதமாகிவிடுகிறது. அதோடு செல்ஃப் மோட்டார் சுற்றும்போது பாட்டரியின் மின்னழுத்தம் 10 வோல்ட்டுக்கு இறங்கினால், மின்னோட்டம் 2.54 ஆம்பியர்; ஆற்றல் 40 சதவீதம்! நல்ல காயில் இதையும் தாங்கும்படிதான் செய்யப்படுகிறது. வயதான காயிலில், சூட்டில் விரியும் சுருள்களுக்கிடையே காப்பும் பழுதாகியிருந்தால், மிஞ்சுவது போதாது.

சரி, குற்றவாளி பம்பா, காயிலா? அனுபவமுள்ள ஓட்டுநர்கள் பம்பின்மேல் ஈரத்துணி போடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அது மூடநம்பிக்கை அல்ல, நல்லதொரு சோதனை. ஆனால் அவசரத்தில் பம்பு, காயில், கார்புரேட்டர் எல்லாவற்றின்மேலும் துணியைப் போட்டுவிடுகிறார்கள். வண்டி கிளம்பிவிடும், எதனால் கிளம்பியது என்பது தெரியாமல் போகும். சோதனைச் சாலையில் நாம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவோம். இங்கும் அதுவே முறை. வண்டி எத்தனை நிமிடம் வரை கிளம்ப மறுக்கிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். முப்பது நிமிடம் மறுப்பதாக இருந்தால், பதினைந்தாவது நிமிடத்தில் காயிலின் உலோக உடம்பில் மட்டும் ஈரத்துணியைச் சுற்றி மூன்று நிமிடம் பொறுத்துக் கிளப்பிப் பார்க்கலாம். கிளம்பாவிட்டால் மட்டும் பம்புக்குப் போகலாம். மறுநாள் வரிசையை மாற்றி, பம்பில் தொடங்க வேண்டும். இரண்டு நாளும் ஒரே பாகத்தைக் குளிர்வித்த பிறகே கிளம்பினால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. அந்த முப்பது நிமிடம் கடந்த பிறகு செய்யும் சோதனைக்கு மதிப்பில்லை. துணி போடாமலேயே அது கிளம்பியிருக்கும்.

செல்ஃப் மோட்டாரே மெதுவாக முனகினால் கதை வேறு. பாட்டரி முனைகளையும் தடித்த கம்பிகளின் இணைப்புகளையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இவற்றை ஓட்டுநரோ மெக்கானிக்கோ செய்யும்போது நீங்கள் அருகிலிருந்து பாருங்கள். தனியே முயல வேண்டாம். பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் பொறியைச் சோதிப்பது தீ விபத்துக்கு இடமாகும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் நீர் பீறிட்டு முகத்தைப் பொசுக்கிவிடும். சூடான இரும்பின்மேல் தண்ணீரைக் கொட்டினால் விரிசல் விடலாம், ஆகவேதான் துணி. செல்ஃபையும் ஒரு தடவைக்கு ஐந்தாறு வினாடிகளுக்குமேல் சுற்றக்கூடாது. சுற்றினால் பாட்டரியும் காலியாகி, வண்டியைத் தள்ளத்தான் ஆள் தேட வேண்டும்.

இக்காலக் கார்களில் இந்தத் தொல்லை அரிது. அவற்றின் பம்பு தொட்டிக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. அது உறிஞ்சுவதில்லை, தள்ளுகிறது. பலவற்றில் காற்று மண்டல அழுத்தத்தைப்போல் சுமார் மூன்று மடங்கு அழுத்தத்தில். பிரஷர் குக்கரில் நீர் 100 டிகிரியில் கொதிக்காதது போலவே அந்தக் குழாயிலும் பெட்ரோல் எளிதில் கொதிப்பதில்லை. பழைய வண்டிக்காரர்களுக்கோ இப்போது புதிதாக ஒரு கவலை. 2025இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் தனியே 78 டிகிரியில்தான் கொதிக்கும். ஆயினும் பெட்ரோலோடு கலந்தால் அதிலுள்ள இலேசான பொருள்கள் முன்னைவிட எளிதில் ஆவியாகின்றன. கலவையின் ஆவி அழுத்தம் கூடுகிறது. எத்தனாலுக்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களையும் பம்பின் சவ்வையும் அது நாளடைவில் கெடுக்கவும் கூடும். ஆகவே இவ்வண்டிகளில் ஆவியடைப்பைத் தேடும்போது, குழாய் எங்கேனும் வெடித்துக் காற்றை இழுக்கிறதா, சவ்வு கசிகிறதா என்பதையும் இப்போது சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.