உயிரோடு இருந்தது, ஊரோடு இல்லை

பிளாக்செயின் கம்பெனியில் வேலை என்றதும் சொந்தக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "எந்த காயின் வாங்கலாம்?" அதற்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. எத்திரியம் நோடுகளைக் கிளவுடில் ஓட வைப்பது என் வேலை. வாலட் ஆப்பில் ஒருவர் பேலன்ஸ் பார்த்தால், அந்தக் கேள்வி இப்படி யாரோ ஓட்டுகிற ஒரு மெஷினுக்குத்தான் வந்து சேரும். சேருவதற்கு முன் கிரிப்டோகிராஃபி புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தேன். சேர்ந்த பிறகு பாதி நாள் டிஸ்க்கோடுதான் பிழைப்பு.

மூன்றாவது மாதம், என் ஆன்கால் இரவில், வாடிக்கையாளரிடமிருந்து ஒரு விநோதமான புகார் வந்தது. பணம் வந்திருக்கிறது, ரெஃப்ரெஷ் செய்தால் காணோம், இன்னொரு தடவை செய்தால் மறுபடி இருக்கிறது. எங்கள் டாஷ்போர்டிலோ எல்லாம் பச்சை. லோடு பேலன்சருக்குப் பின்னால் மூன்று நோடுகள், மூன்றும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. ஒரு மணி நேரம் லாக்கில் முழுகிய பிறகுதான், கடைசி பிளாக் எண் என்ன என்று ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்கத் தோன்றியது. இரண்டு ஒரே எண்ணைச் சொல்லின. மூன்றாவது 200 பிளாக் பின்னால் நின்றது. 12 விநாடிக்கு ஒரு பிளாக் என்பதால், நாற்பது நிமிடப் பழைய உலகத்தில் இருந்துகொண்டு அது தயங்காமல் பதில் சொல்லியிருக்கிறது.

தப்பு எங்களுடையது. வெப் சர்வருக்கு எழுதிய ஹெல்த் செக்கை அப்படியே இங்கே ஒட்டியிருந்தோம். அது "உயிரோடு இருக்கிறாயா?" என்று மட்டும்தான் கேட்டது, "ஊரோடு இருக்கிறாயா?" என்று கேட்கவில்லை. இப்போது எங்கள் செக் பிளாக் எண்ணை மற்ற நோடுகளோடு ஒப்பிட்டு, மூன்று பிளாக்குக்கு மேல் பின்தங்கினால் வரிசையிலிருந்து விலக்கிவிடும். மூன்றும் சேர்ந்து பின்தங்கினால் ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை என்பதால், வெளியே இருக்கும் ஒரு நோடையும் கேட்டுக்கொள்கிறோம்.

அந்த நோடு பின்தங்கியதற்குக் காரணம் டிஸ்க். எத்திரியம் நோடு டிஸ்க்கின் மூலைமுடுக்கெல்லாம் துண்டு துண்டாகப் படிக்கும். அமேசானின் ஜிபி3 டிஸ்க்கில் கூடுதல் காசு கட்டாவிட்டால் கிடைப்பது 3000 ஐஓபிஎஸ், அதாவது விநாடிக்கு 3000 படிப்பு-எழுத்து. இன்ன வேலைக்கு இவ்வளவு வேண்டும் என்று முதலிலேயே கணக்குப் போட்டிருக்க வேண்டும். டெராபைட் எவ்வளவு என்று பார்த்தோமே தவிர வேகத்தைப் பார்க்கவில்லை. ஸ்னாப்ஷாட்டிலும் இதே பாடம். அதிலிருந்து புது டிஸ்க் சில நிமிடங்களில் கைக்கு வந்துவிடும். ஆனால் தரவு பின்னாலிருக்கும் சேமிப்பகத்திலிருந்து, முதல் முறை படிக்கும்போதுதான் ஒவ்வொரு துண்டாக இறங்கும். அந்த நிலையில் நோடைக் கிளப்பினால் சங்கிலியை எட்டிப் பிடிக்கத் திணறும். டிஸ்க் முழுவதையும் ஒருமுறை படித்து முடிக்கும்வரை பொறுங்கள், அல்லது மெஷினிலேயே என்விஎம்இ இருக்கும் வகையை எடுங்கள்.

இதெல்லாம் காசோடு போகிற விஷயம். ஈதரைப் பிணையாக வைத்து பிளாக்குகளுக்குக் கையெழுத்திடும் வேலிடேட்டர் அப்படியில்லை. கிளவுடில் நமக்கு ஊறிய பழக்கம், ஒன்று படுத்தால் இன்னொன்று எழ வேண்டும் என்பது. வேலிடேட்டரில் அந்தப் பழக்கம் ஆளைக் கவிழ்க்கும். அது ஒருநாள் தூங்கினால், அந்த நாளில் சம்பாதித்திருக்கக்கூடிய அளவுதான் ஏறத்தாழ அபராதம். ஒரே சாவியோடு இரண்டு இடத்தில் ஓடி முரணாகக் கையெழுத்திட்டாலோ ஸ்லாஷிங்: அபராதத்தோடு கட்டாய வெளியேற்றம்.

ஒருநாள் குபெர்னெட்டிஸில் ஒரு மெஷின் தொடர்பற்றுப் போனது. அதிலிருந்த வேலிடேட்டர் பாட் 'டெர்மினேட்டிங்' என்று நின்றபடியே நின்றது. புதியது எழவில்லை. எனக்குப் பொறுமை போய், ஃபோர்ஸ் டெலிட் கட்டளையை அடித்து வைத்துவிட்டேன். எண்டர் தட்டுவதுதான் பாக்கி. பக்கத்தில் இருந்த சீனியர் அக்கா திரையைப் பார்த்துவிட்டு, "கை வைக்காதே. அந்த மெஷின் செத்துருச்சுன்னு உனக்கு யாரு சொன்னா? நமக்கு அது தெரியல, அவ்வளவுதான்" என்றார். நிஜமாகவே சாகவில்லை. கன்ட்ரோல் பிளேனோடு மட்டும்தான் பேச்சு நின்றிருந்தது. வேலிடேட்டர் உள்ளே சமர்த்தாகக் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தது. எண்டர் தட்டியிருந்தால் இரண்டாவது ஒன்று எழுந்திருக்கும். அந்தப் பாடை நிர்வகிக்கும் ஸ்டேட்ஃபுல்செட் பிடிவாதமாக நின்றது அதைத் தடுக்கத்தான்.

அன்றைக்குப் பிறகு வேலிடேட்டருக்கு என் விதி ஒன்றே: பழையது நின்றுவிட்டது என்று கண்ணால் பார்க்காமல் புதியதை எழுப்புவதில்லை. பழைய கையெழுத்துகளின் பதிவேட்டையும் கூடவே எடுத்துப் போகிறேன். லைட்ஹவுஸ் என்ற வேலிடேட்டர் மென்பொருளில் இருக்கும் டாப்பல்கேங்கர் பாதுகாப்பையும் போட்டு வைக்கிறேன். தன் சாவியோடு வேறு யாராவது கையெழுத்திடுகிறார்களா என்று அது சில எபாக் காத்திருந்து பார்க்கும். எபாக் ஒன்றுக்கு 6.4 நிமிடம். அந்த நேரத்து வருமானம் போனால் போகட்டும்.

இதேபோல் ஆளைக் கவிழ்க்கும் இன்னொரு பழக்கம், ஓடுகிற வண்டியைத் தொடாதே என்பது. எத்திரியம் நோடுகளைச் சேவையாகத் தரும் இன்ஃபுராவில் 2020 நவம்பர் 11 அன்று நடந்ததை இந்தத் துறையில் எல்லோருக்கும் சொல்வார்கள். அங்கே சில இடங்களில் கெத் என்ற நோடு மென்பொருளின் பழைய பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்த ஒரு பிழை புதிய பதிப்பில் சத்தமில்லாமல் சரிசெய்யப்பட்டிருந்தது. அந்தப் பிழையைத் தொடும் ஒரு பரிவர்த்தனை வந்ததும் பழைய நோடுகள் தனி வழியில் பிரிந்துவிட்டன. இன்ஃபுராவை நம்பியிருந்த மெட்டாமாஸ்க் வாலட்டுகளும் சேர்ந்து தடுமாறின. அந்த நோடுகளும் உயிரோடுதான் இருந்தன.

இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் சான்றிதழ் வாங்குவதற்கு முன், ஹூடி டெஸ்ட்நெட்டில் ஒரு நோடும் வேலிடேட்டரும் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அங்கே ஈதருக்குக் காசில்லை, பயமும் இல்லை. எப்போது, எதனால் பின்தங்கியது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இன்டர்வியூவில் என் எதிரே உட்கார நேர்ந்தால், நான் கேட்பது அந்த நோட்டைத்தான்.