புதிய கைபேசிக்கு முன் பழையதைச் சோதித்தல்

ஆண்டின் தொடக்க மாதங்களில் சாம்சங்கின் எஸ் வரிசையும் செப்டம்பரில் ஆப்பிளின் ஐபோன் வரிசையும் புதுப்பிக்கப்பட, அவற்றின் பின்னாலேயே தீபாவளிக்கால இணைய விற்பனைகளும் வந்து சேர்வதால், கையிலுள்ள கைபேசி குறையின்றி இயங்கும் ஒருவருக்கும் அதை மாற்றிவிடலாமா என்ற எண்ணம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் எழுகிறது. அவ்வேளையில் பெரும்பாலோர் கேட்பது, புதிய மாதிரியில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதே. பல மாதிரிகளைப் பயன்படுத்தித் தேர்ந்தவர்களோ வேறொரு கேள்வியை முதலில் வைக்கின்றனர்: பழையதில் எது தீர்ந்துபோயிருக்கிறது, அது சரிசெய்யக்கூடியதா?

முதலில் சோதிக்க வேண்டியது பேட்டரி. இன்றைய கைபேசிகளில் உள்ள லித்தியம்-அயனி பேட்டரி, நிறைந்து தீரும் ஒவ்வொரு முறையும் தன் கொள்ளளவில் சிறிதை நிரந்தரமாக இழக்கிறது. முழுக் கொள்ளளவுக்கு ஈடான மின்சாரம் ஒரே நாளிலோ பல நாள்களில் சிறிது சிறிதாகவோ செலவாகி முடிவதை ஒரு சார்ஜ் சுழற்சி என்பர். ஐபோன் 14 வரையிலான மாதிரிகளின் பேட்டரிகள் 500 சுழற்சிகளுக்குப் பிறகும், ஐபோன் 15 முதலானவற்றின் பேட்டரிகள் 1000 சுழற்சிகளுக்குப் பிறகும் தொடக்கக் கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை என ஆப்பிள் தெரிவிக்கிறது. நாளுக்கு ஒரு சுழற்சி செலவழிப்பவருக்கு 500 என்பது ஒன்றரை ஆண்டுக்கும் குறைவு. அதுவும் உகந்த சூழலுக்கான கணக்கு. 35 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பம் கொள்ளளவை நிரந்தரமாகக் குறைக்கக்கூடும் என்பதால், சித்திரை வெயிலில் இருசக்கர வண்டியின் முன்புறம் மாட்டப்பட்டு, வழிகாட்டும் வரைபடத்தோடு நாள் முழுதும் இயங்கும் உணவு விநியோகப் பணியாளரின் கைபேசி, அலுவலக மேசையில் இருக்கும் அதே மாதிரியைவிட விரைவில் தேய்ந்துவிடுகிறது.

தேய்ந்த பேட்டரி சீக்கிரம் தீர்வதோடு நிற்பதில்லை. அதன் உள்மின்தடை கூடுவதால், சிப் திடீரென மிகுதியான மின்சாரம் கோரும் கணங்களில் மின்னழுத்தம் சரிந்து கருவி சட்டென்று அணைந்துபோகலாம். இதைத் தவிர்க்கப் பழைய ஐபோன்களின் உச்ச வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்திருந்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அதைத் தொடர்ந்து அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. கைபேசி 'ஸ்லோ' ஆகிவிட்டது என்று வருந்திய பலரின் குறை, புதிய பேட்டரி போட்டதும் நீங்கியது. எனவே, அமைப்புகளில் பேட்டரி நிலையைக் காட்டும் பகுதி 80 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ காட்டுமானால், பேட்டரியை மாற்றிச் சில வாரங்கள் பயன்படுத்திய பின்னரே முடிவெடுப்பது நியாயமானது. பழைய கைபேசிக்கு அந்த வாய்ப்பைத் தராமல் செய்யப்படும் ஒப்பீடு எதுவும் முழுமையானதன்று. சேமிப்பிடம் நிரம்பி வழிவதும் இதே வகைக் குறைதான். வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த காணொளிகளை அகற்றி இடம் உண்டாக்கினால் கருவி மீண்டும் விரைவாக இயங்கத் தொடங்குவதைப் பலர் கண்டிருக்கின்றனர்.

சரிசெய்ய முடியாத முதுமை ஒன்று உண்டு. இயங்குதளத்தில் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்க நிறுவனம் அவ்வப்போது அனுப்பும் திருத்தங்களே பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எனப்படுகின்றன. அவை நின்றுவிட்ட கைபேசி, கண்ணாடியில் ஒரு கீறலும் இல்லாதிருந்தாலும், வங்கிச் செயலியும் யுபிஐ செயலியும் வைத்துக்கொள்ளத் தக்கதன்று. அந்நிலையில் மாற்றம் ஆடம்பரமாகாது. 2013இல் வந்த ஐபோன் 5எஸ் மாதிரிக்கு 2023 ஜனவரியிலும் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. கூகுள் 2023 அக்டோபரில் பிக்சல் 8 வரிசைக்கும், சாம்சங் 2024 ஜனவரியில் எஸ்24 வரிசைக்கும் ஏழாண்டுப் புதுப்பிப்புகளை உறுதியளித்தன. விலை குறைந்த மாதிரிகள் பலவற்றில் இக்காலம் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. இங்கு பலரும் கவனியாமல் விடுவது, இவ்வாண்டுகள் வழக்கமாக மாதிரி வெளியான நாளிலிருந்தே எண்ணப்படுகின்றன, வாங்கிய நாளிலிருந்து அல்ல என்பதுதான். ஆகவே ஈராண்டுப் பழைய மாதிரியைத் தள்ளுபடியில் வாங்குபவர், ஈராண்டுக் காலப் பாதுகாப்பு ஏற்கெனவே கழிந்துவிட்ட கருவியைத்தான் வாங்குகிறார். 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய விதிகள், விற்பனை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து குறைந்தது ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிப்பு கிடைக்க வேண்டும் என்று கணக்கைத் திருப்பிப் போட்டிருக்கின்றன. வாங்குவோரின் பக்கம் நிற்கும் இந்த விதி இந்தியாவுக்கும் வர வேண்டும்.

இவற்றைச் சோதித்த பிறகே புதிய மாதிரியின் சிறப்புகளைப் பார்க்க வேண்டும். 2022இல் வந்த ஐபோன் 14, முந்தைய ஆண்டின் ஐபோன் 13இல் இருந்த அதே ஏ15 சிப் குடும்பத்தையும் அதே 6.1 அங்குலத் திரையையும் கொண்டிருந்தது. மோதலை உணர்ந்து உதவி அழைக்கும் வசதி போன்ற சில சேர்க்கைகளைத் தவிர, 13 வைத்திருந்தவருக்கு அதற்கு மாற வலுவான காரணம் இருக்கவில்லை. ஐபோன் 11 வைத்திருந்தவருக்கோ அதே 14, திரை, கேமரா, 5ஜி என எல்லாவற்றிலும் புதியதாயிருந்தது. விளம்பரங்கள் சென்ற ஆண்டு மாதிரியோடு ஒப்பிட்டாலும், வாங்குபவர் தம் கையிலிருப்பதோடுதான் ஒப்பிட வேண்டும். கேமராவின் மெகாபிக்சல் எண்ணிக்கையும் தனித்து எதையும் சொல்வதில்லை. 48 மெகாபிக்சல் உணரிகள் பலவும் அண்டை அண்டையாக உள்ள நான்கு பிக்சல்களை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படத்தைத் தரக்கூடியவை, குறைந்த ஒளியில் படத்தின் தரம் உணரியின் பரப்பளவைப் பெரிதும் சார்ந்தது.

பணக் கணக்கில் விலையைவிட ஆண்டுச் செலவே தெளிவானது. 60,000 ரூபாய்க் கைபேசியை இரண்டாண்டில் கைவிடுபவருக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் ஆகிறது; இடையில் 5,000 ரூபாய் பேட்டரிக்குச் செலவிட்டு ஐந்தாண்டு வைத்திருப்பவருக்கு 13,000 ரூபாயே ஆகிறது. பழையதைக் கொடுத்தால் கிடைக்கும் எக்ஸ்சேஞ்ச் தொகையைக் கழித்தாலும் இந்த வேறுபாடு எளிதில் மறைவதில்லை. 'நோ காஸ்ட் இஎம்ஐ' எனப்படும் வட்டியில்லாத் தவணையில் வங்கி வட்டியைக் கணக்கிடவே செய்கிறது. அத்தொகை விலைத் தள்ளுபடியாக ஈடுசெய்யப்பட்டாலும், வட்டியின் மீதான 18 சதவீத ஜிஎஸ்டியும் செயலாக்கக் கட்டணமும் வாங்குபவர் தலையில் விழக்கூடும். பணத்துக்கு அப்பாற்பட்ட இழப்பும் உண்டு: ஆப்பிள் வெளியிடும் சுற்றுச்சூழல் அறிக்கைகளின்படி, ஓர் ஐபோனின் ஆயுள் முழுவதற்குமான கார்பன் உமிழ்வில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அதன் உற்பத்தியிலேயே நிகழ்ந்துவிடுகிறது; எனவே கையிலுள்ள கைபேசியைக் கூடுதலாக ஓராண்டு பயன்படுத்துவது மெய்யான சேமிப்பாகும்.

இவ்வளவுக்குப் பிறகும் மாற்றம் தேவை என்று உறுதியானால், பழையதை விற்பதில் அவசரம் கூடாது. யுபிஐ செயலிகள் சிம் கார்டு உள்ள கருவியிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பிப் பதிவை உறுதிசெய்பவை என்பதால், சிம்மைப் புதியதில் இட்டு அவற்றை ஒவ்வொன்றாக நிறுவி, இருபடிச் சரிபார்ப்புக்கான குறியீடு தரும் செயலிகளையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் மாற்றி முடிக்கும்வரை பழைய கைபேசி அழிக்கப்படாமல் கையில் இருப்பது நல்லது. பின்னர் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, அதன்பிறகே தரவு முழுவதையும் அழிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால், வாங்கியவரின் கையில் கருவி முந்தைய உரிமையாளரின் கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டப்பட்டு நிற்கக்கூடும்.