டர்போ எஞ்சினில் எரிதவறு காணும் முறை

பெற்றோல் எஞ்சினின் உருளையொன்றில் வளியும் பெற்றோலும் சேர்ந்த கலவை உரிய வேளையில் எரியாதொழியின், எஞ்சின் நடுங்கும், வலுவுங் குன்றும். சாரதிகள் இதனை 'மிஸ்ஸிங்' என்பர். நாம் எரிதவறு என வழங்குவோம். பழைய டர்போ வண்டியில் இக்குறை தோன்றின், பலரும் முதலிற் குற்றஞ்சாட்டுவது டர்போவையே. அதுவோ விலைமிக்க உறுப்பு. ஆகலின் கருவியைக் கையில் எடுக்குமுன், எரிதவறு எப்போது நிகழ்கிறது என்று வினாவுதல் வேண்டும்.

சுவீடன் நாட்டிற் செய்யப்பட்ட சாப் 900 டர்போ வண்டியை உதாரணமாகக் கொள்வோம். அதன் நான்கு உருளை எஞ்சின் வெறுமனே ஓடும்போது, உள்ளிழு குழாயின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. மேட்டில் ஏறுகையில் டர்போ 0.7 வளிமண்டலம் மேலதிகமாக ஊட்டின், அது 1.7 ஆகும், அஃதாவது ஐந்து மடங்கு. வாயுவினூடே மின்பொறி பாய வேண்டிய மின்னழுத்தம், அமுக்கத்தையும் இடைவெளியையும் பெருக்கிவரும் தொகையைச் சார்ந்தது என 1889இல் ஜெர்மானிய அறிஞர் பாஷன் காட்டினார். பௌதிக வகுப்பில் இதனைக் கற்ற மாணவர், அது மோட்டார் வண்டியின் மூடிக்குக் கீழும் ஆட்சி செய்வதை ஈண்டுக் காணலாம். தேய்வினால் பிளக்கின் இடைவெளி 0.7 மில்லிமீற்றரிலிருந்து 0.9 ஆகப் பெருகின், அத்தொகை ஏறத்தாழ 30 சதவீதம் உயரும். வெறுமனே ஓடும்போது குறையின்றிப் பொறியிடும் பிளக்கு, சுமையேறியவுடன் தவறுவது இதனாலேயே. பிளக்கினூடே பாயமாட்டாத மின், கம்பியின் உறையிலோ மின்பகிர்வியின் மூடியிலோ உள்ள வெடிப்பை நாடி ஓடிவிடும். சுமையில் மட்டும் தவறும் எஞ்சினில், பிளக்கு, கம்பி, மூடி, தூண்டற் சுருள் ஆகியவற்றையே முதலிற் பார்த்தல் வேண்டும். இவற்றுட் பெரும்பாலன மலிவானவையுமாம்.

வெறுமனே ஓடும்போது மட்டும் தவறுமாயின் வேறு கதை. இவ்வகை வண்டிகளில் வளியின் அளவு டர்போவுக்கு முன்னரே கணிக்கப்படுகிறது. டர்போவுக்கும் எஞ்சினுக்கும் இடைப்பட்ட, உள்ளிழு குழாயை ஒட்டிய றப்பர் இணைப்பில் ஒரு பிளவு இருப்பின், வெறுமனே ஓடும்போது கணக்கில் வராத வளி உள்ளே நுழைந்து கலவையை ஐதாக்கும். டர்போ ஊட்டும்போதோ கணக்கில் வந்த வளி வெளியேறிப் பெற்றோல் மிகுந்துவிடும். ஒரே பிளவு இருவேறு நோய்களாகத் தோன்றுதல் காண்க.

கழற்றிய பிளக்கும் பேசும். ஈரமாயின் அங்கே கலவை எரியவில்லை. ஒன்றில் மட்டும் எண்ணெய் படியின் அவ்வுருளையின் வளையங்களையோ வாயில்களையோ ஐயுறுக. நான்கிலும் படியின் டர்போவின் அடைப்பையும் ஐயுறலாம். வெண்மையாக வெந்திருப்பின், பெற்றோல் வடியையும் பம்பியையும் சோதிக்கும்வரை அவ்வண்டியை விரைவாக ஓட்டலாகாது. ஐதான கலவையுடன் டர்போ ஊட்டின் ஆடுதண்டு உருகுதலும் கூடும். ஓடும் எஞ்சினிலிருந்து பிளக்குக் கம்பியைக் கையாற் பிடுங்கும் பழைய வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். இலத்திரனியல் தீமூட்டியின் மின்னழுத்தம் ஆளையும் தாக்கும், கருவியையும் கெடுக்கும்.

இவ்வளவும் அறிந்திருந்தும் நாமே வழுவியதுண்டு. இலண்டனில் வாழும் நண்பர் ஒருவரின் 1986ஆம் ஆண்டுச் சாப் 900, மேடுகளில் மட்டும் தவறிற்று. டர்போவை மாற்றும்படி அவருக்கு முன்னரே ஒருவர் கூறியிருந்தார். பிளக்குகளைக் கழற்றியபோது முன்கோடியிலிருந்தது நனைந்திருந்தது. அதனை முதலாம் உருளை என எண்ணி, மின்பகிர்வி மூடியில் முதலாம் எண்ணுக்குரிய முனையைத் துடைத்துப் பார்த்தோம், பழுதில்லை. பிளக்கை மற்றோர் உருளைக்கு மாற்றினோம், குறை இடம்பெயரவில்லை. உருளைகளின் அமுக்கத்தை அளந்தோம், நான்கும் ஒத்திருந்தன. ஒரு பகல் முழுதுங் கழிந்தது. மாலையிலேதான் அவ்வெஞ்சின் முன்பின்னாகத் திருப்பிப் பூட்டப்பட்டிருப்பது நினைவுக்கு வந்தது. அதன் முதலாம் உருளை சாரதியின் பக்கத்தே உள்ளது, முன்கோடியிலிருப்பது நான்காவது. கம்பியைக் கையாற் பின்தொடர்ந்திருப்பின் காலையிலேயே கண்டிருப்போம். நான்காம் முனையின் உட்புறத்தே, மயிரிழை போன்ற கரிக்கோடு ஒன்று ஓடியிருந்தது.

மூடியையும் கம்பிகளையும் புதிதாக்கினோம். டர்போவைத் தொடவில்லை. மறுநாட் காலை மழையில் அதே மேட்டில் ஓட்டிப் பார்த்தபோது எஞ்சின் ஒருமுறையேனும் தவறவில்லை.