வட்டம் நிறையாமலே விடை

கிணத்துக்கடவில் நம்மிடம் பயிலும் மாணவியருள் சிலர் வங்கி எழுத்தர் தேர்வுக்கு ஆயத்தமாகி வருகின்றனர். பொதுத்துறை வங்கிகளின் இத்தேர்வுகளை ஆங்கிலம், இந்தி ஆகியவற்றுடன் 13 மாநில மொழிகளிலும் நடத்துமாறு நடுவண் நிதி அமைச்சகம் 2021 செப்டம்பரில் பரிந்துரைத்தது. ஆங்கிலப் பகுதி நீங்கலாக, தமிழ்வழியில் படித்தோர்க்கு மொழித்தடை இதனால் குறைந்தது. ஆயினும் வட்டமாக அமர்ந்தோர் பற்றிய வினா ‘தரவுப் போதுமை’ வடிவில் வரும்போது, கணக்கில் தேர்ந்த பெண்களே தயங்குகின்றனர். தவறான விடைக்கு அவ்வினாவின் மதிப்பெண்ணில் நான்கில் ஒரு பங்கு கழிக்கப்படும். இழக்கும் நேரமோ அதனினும் பெரிது.

தயக்கத்தின் காரணம், முழு வட்டத்தையும் நிரப்பிய பின்னரே விடை கூற இயலும் என எண்ணுவது. இவ்வடிவில் வினவப்படுவது விடை அன்று. விடை காணத் தந்த செய்தி போதுமா என்பதே. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஆறு புளியங்கொட்டைகளை வட்டமாக வைத்துக்கொண்டால் எளிதாக விளங்கும்.

அமுதா, வள்ளி, செல்வி, தேவி, மலர், கோதை ஆகிய அறுவர் மையத்தை நோக்கி வட்டமாக அமர்ந்துள்ளனர்.

கூற்று 1: அமுதாவின் வலப்புறம் அடுத்து வள்ளி; வள்ளியின் வலப்புறம் அடுத்து செல்வி.

கூற்று 2: மலருக்கும் கோதைக்கும் நடுவே, இருவரையும் ஒட்டி, தேவி அமர்ந்துள்ளார்.

அமுதாவை ஓரிடத்தில் நிறுத்தினால் ஏனையோர் அமரக்கூடிய வகைகள் 120. முதற்கூற்று அவற்றை 6 ஆக்கும். இரண்டாவது மட்டும் 12 ஆக்கும். இரண்டும் சேர்ந்தால் எஞ்சுபவை 2. மலரும் கோதையும் இடம் மாறலாமாதலால், வட்டம் இறுதிவரை முழுமையாக உறுதிப்படாது.

இனி வினாவுக்கு வருவோம். அமுதாவுக்கு நேர் எதிரே யார்? மலராகவும் இருக்கலாம், கோதையாகவும் இருக்கலாம். எனவே இரு கூற்றுகளும் சேர்ந்தும் போதா. தேவிக்கு நேர் எதிரே யார்? எஞ்சிய இரு வகைகளிலும் வள்ளியே. கூற்றுகள் தனித்தனியே போதா. இரண்டும் சேர்ந்தால் போதும். நம் மாணவியர் பலர் இவ்விடத்தில், ‘மலரின் இடம் தெரியவில்லையே’ என்று ‘போதா’ எனக் குறித்துவிடுகின்றனர். மலரைப் பற்றி வினாவில் ஒரு சொல்லும் இல்லை! உற்று நோக்கின், இவ்வினாவுக்கு ‘வலப்புறம்’ என்பதுகூட வேண்டியதில்லை. அமுதாவுக்கும் செல்விக்கும் நடுவே வள்ளி என்றாலே அமையும்.

மூன்றாவது வினா: அமுதாவும் தேவியும் அடுத்தடுத்து உள்ளனரா? தேவியின் இருபுறமும் இருப்போர் மலரும் கோதையும் என இரண்டாம் கூற்றே கூறிவிட்டது. விடை ‘இல்லை’. ‘இல்லை’ என உறுதியாகக் கூற முடிவதும் போதுமையே. இதனைப் ‘போதாது’ எனக் கொள்வது பெரும்பிழை. முதற்கூற்று மட்டுமெனில், அமுதாவின் இடப்புறம் தேவி இருக்கவும் கூடும், இல்லாதிருக்கவும் கூடும், அது போதாது.

ஒரு கூற்றைத் தனியே ஆராயும்போது மற்றொன்று நினைவில் ஊடுருவும். இரண்டாம் கூற்றுக்கு வந்ததும் கொட்டைகளைக் கலைத்துவிட்டுப் புதிதாக வைக்கச் சொல்கிறோம். தாளில் எழுதுவோர் முதல் வட்டத்தைக் கையால் மறைத்துக்கொள்ளலாம்.

பயிற்சி: இதே கூற்றுகளைக் கொண்டு, வள்ளியும் மலரும் அடுத்தடுத்து உள்ளனரா எனக் கூற எது போதும்? கோதைக்கு நேர் எதிரே யார் என்பதற்கோ?