சொல்லொணாதது இல்லாதது ஆகுமா?

நெடுநாள் நோயுற்றிருந்த தந்தையார் மறைந்த வீட்டிற்குத் துக்கம் விசாரிக்கச் செல்கிறோம். இரவு பகலாய்ப் பணிவிடை செய்த மகன் வாய் திறவாது ஒரு மூலையில் அமர்ந்திருக்கிறான். "ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்லையே, கல்நெஞ்சனோ!" என நம்மில் சிலர் முணுமுணுக்கிறோம். அவன் உள்ளத்திலோ பிரிவுத் துயரும், 'அவர் வேதனை தீர்ந்ததே' என்னும் ஆறுதலும் ஒருங்கே நிற்கின்றன. ஒன்றைச் சொன்னால் மற்றது பொய்யாகுமோ என அஞ்சி அவன் வாளாவிருக்கிறான்.

இவ்விடத்து நமக்கு விளக்காவது சப்தபங்கி என்னும் எழுவகைக் கூற்று. குந்தகுந்தாசாரியார் பஞ்சாஸ்திகாயத்தில் கூறும் வரிசையில் 'ஒருவகையில் உண்டு' என்பது முதலாவது. 'ஒருவகையில் இல்லை' என்பது இரண்டாவது. அவ்விரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூறுவது மூன்றாவது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரு சொல்லால் கூற முற்பட்டால் மொழி அதற்கு ஆற்றாது. ஆதலின் 'சியாத் அவக்தவ்யம்', அதாவது 'ஒருவகையில் சொல்லொணாதது' என்பது நான்காவது. எஞ்சிய மூன்றும் முதல் மூன்றோடு அவக்தவ்யம் சேர்வதால் பிறப்பன.

இவ்வாராய்ச்சி பொருள்களின் தன்மை பற்றியது. எனினும் உள்ளத்துணர்ச்சிக்கும் இதனை உவமையாகக் கொண்டு இரண்டு பாடங்கள் பெறலாம்.

முதலாவது, சொல்லொணாதது வேறு, இல்லாதது வேறு. தம் உணர்ச்சி இன்னதென அறிந்து கூற இயலாத நிலைக்கு, பீட்டர் சிஃப்னியோஸ் என்னும் மனநல மருத்துவர் 1970களில் 'அலெக்ஸிதைமியா' எனப் பெயரிட்டார். 'உணர்ச்சிக்குச் சொல் இன்மை' என்பதே அக்கிரேக்கச் சொற்களின் பொருள். இங்கும் இல்லாதது சொல்லேயன்றி உணர்ச்சி அன்று. ஆகவே மௌனமாய் இருப்போரை நெஞ்சில்லாதவர் என முடிவு கட்டுதல் தவறு. அது அவரை வருத்தும் செயலுமாகும்.

இரண்டாவது, 'சியாத்' என்னும் சொல் முன் நிற்பதால், அவக்தவ்யம் முற்றிலும் சொல்ல முடியாதது அன்று. ஒருங்கே சொல்ல இயலாததை முறையே சொல்லலாம். தேர்வுக்குச் செல்லும் பிள்ளைக்கு ஆவலும் அச்சமும் உண்டு. புகுந்த வீடு செல்லும் மகளுக்கு மகிழ்ச்சியும் கலக்கமும் உண்டு. "உன் மனத்தில் என்ன? ஒரே வார்த்தையில் சொல்" என நாம் நெருக்கினால் அவர்கள் நா எழாது. "முதலில் ஒன்றைச் சொல், மற்றதையும் கேட்போம்" எனப் பொறுத்திருப்பின் சொல் தானே பிறக்கும்.

அந்த மகனிடம் பெரியவர் ஒருவர் அருகமர்ந்து, "தம்பி, ஒவ்வொன்றாகச் சொல்" என்கிறார் எனக் கொள்வோம். "அப்பாவை நினைத்தால் தாங்க முடியவில்லை" என்கிறான். சற்றுப் பொறுத்து, "இனி அவருக்கு வலி இல்லை என்பது நிம்மதியாகவும் இருக்கிறது" என்கிறான். "இரண்டும் மெய்யே, தம்பி" என்று அவர் கூறும்போதுதான், அடைபட்டிருந்த கண்ணீர் பெருகுகிறது.

நம் இல்லங்களில் வாளாவிருப்போர் யார் என இன்று எண்ணிப் பார்ப்போம். அவர்கள் சொல்லும் முதற்சொல்லோடு தீர்ப்புக் கூறாது, அடுத்த சொல்லுக்கும் செவி கொடுப்போமாக.