கிரீன் டீ குடிக்கலாம், இரும்புச்சத்து மாத்திரையோடு மட்டும் வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 38, எடை 72 கிலோ. நான்கு மாதமாகக் காலையில் ஜிம்முக்குப் போகிறேன். பயிற்சிக்கு முன்னால் ஒரு கப், முடிந்ததும் ஒரு கப் கிரீன் டீ குடித்தால் கொழுப்பு சீக்கிரம் கரையும் என்று டிரெய்னர் சொன்னார். அப்படியே குடித்து வருகிறேன். முன்பு தினமும் மூன்று வேளை குடித்த பால் டீயை நிறுத்திவிட்டேன். எடை இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. ஆனால் டிரெட்மில்லில் ஏறிப் பத்து நிமிடத்திலேயே மூச்சு வாங்குகிறது. போன மாதம் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.4 என்று வந்தது. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஜிம்மிலிருந்து வந்து டிபன் சாப்பிட்டதும் கிரீன் டீயோடு அதைப் போட்டுக்கொள்கிறேன். இப்போது டிரெய்னர் கிரீன் டீ கேப்ஸ்யூல் வாங்கச் சொல்கிறார், இன்னும் வேகமாகப் பலன் தெரியுமாம். வாங்கலாமா? உடற்பயிற்சி செய்கிறவர்களுக்குக் கிரீன் டீயால் உண்மையில் என்ன நன்மை?
- வாசகி, ஈரோடு

பதில்: நீங்கள் கேட்டது கேப்ஸ்யூலைப் பற்றி. ஆனால் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் என்னைக் கவலைப்பட வைத்தது. இரும்புச்சத்து மாத்திரையைக் கிரீன் டீயோடு சேர்த்துப் போடுவதை நாளைக் காலையிலிருந்தே நிறுத்திவிடுங்கள். மற்றதையெல்லாம் பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

தேயிலையில் இருக்கும் பாலிபீனால்கள், கீரை, பருப்பு, கேழ்வரகு போன்ற தாவர உணவிலிருந்து வரும் இரும்பைக் குடலிலேயே பிடித்துக்கொள்கின்றன. அப்படிப் பிடிபட்ட இரும்பு ரத்தத்துக்குள் போகாது. மாத்திரையில் இருக்கும் இரும்புக்கும் இதே கதிதான். கறி, மீனில் உள்ள இரும்பை இது அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. நீங்கள் இட்லி சாம்பார் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, அதன் மேலேயே கிரீன் டீயும் குடிக்கிறீர்கள். சாம்பாரிலிருந்து வரும் இரும்பு, மாத்திரையிலிருந்து வரும் இரும்பு இரண்டிலும் ஒரு பகுதி வீணாகிறது. பல ஆண்டுகளாகப் பெரும்பாலான நாட்களில் ஒன்றரை லிட்டர் கிரீன் டீ குடித்துவந்த 48 வயதுக்காரர் ஒருவருக்கு இரும்புச்சத்துக் குறைபாட்டு ரத்தசோகை வந்ததை 2016-இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது. உங்கள் அளவு அவ்வளவு இல்லைதான். ஆனால் நீங்கள் ஏற்கெனவே குறைவில் இருக்கிறீர்கள். கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11-க்கும் கீழே என்றால் அது மிதமான வகை, லேசான வகை அல்ல.

டிரெட்மில்லில் மூச்சு வாங்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும். தசைக்கு ஆக்சிஜனைக் கொண்டுபோவது ஹீமோகுளோபின். அது குறைந்தால் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும். பத்து நிமிடத்தில் களைத்துப் போவதை "ஸ்டாமினா இல்லை" என்று நினைத்து இன்னும் கடுமையாகப் பயிற்சி செய்கிற பெண்கள் நிறையப் பேர். ஹீமோகுளோபின் ஏறும்வரை வேகத்தைக் குறைத்து நடங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால், கொஞ்சம் நடந்தாலே படபடத்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

மாத்திரையை எப்போது போடுவது? கடுமையான பயிற்சி முடிந்த மூன்று மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடுகிறது. குடல் இரும்பை உறிஞ்சுவதை அது மட்டுப்படுத்தும். அதனால் ஜிம்மிலிருந்து வந்ததும், டிபனுக்கு முன்னால், சர்க்கரை சேர்க்காத எலுமிச்சைச் சாற்றோடு போடுவது நல்லது. எலுமிச்சையின் வைட்டமின் சி இரும்பு உள்ளே போக உதவும். வெறும் வயிற்றில் குமட்டினால் டிபனோடு போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அந்த வேளையில் டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதுவும் வேண்டாம். பயிற்சி முடிந்து குடிக்கும் கிரீன் டீயைப் பதினொரு மணிக்குத் தள்ளி வையுங்கள். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டாலே இரும்பு உறிஞ்சப்படுவது கூடுகிறது என்பதை 2017-இல் பிரிட்டனில் பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. மாத்திரையின் நேரத்தை மாற்றுவதை உங்கள் டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இனி உங்கள் டிரெய்னர் சொன்ன விஷயம். அவர் இல்லாததைச் சொல்லவில்லை, சிறிய உண்மையைப் பெரிதாக்கிச் சொல்கிறார்.

கிரீன் டீயும் வீட்டில் போடும் டீத்தூளும் ஒரே செடியின் இலைகள்தாம். குன்னூர், கோத்தகிரிப் பக்கத் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் இலையை நசுக்கிக் காற்றுபட வைத்துக் கறுப்புத் தேயிலையாக்குகிறார்கள். கிரீன் டீக்கு, பறித்த இலையைச் சீக்கிரமே ஆவியிலோ வாணலியிலோ சூடாக்கி அந்த மாற்றத்தை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் கேட்டசின்கள் என்ற பொருள்கள் அதிகம் மிஞ்சுகின்றன. அவற்றில் முக்கியமானது ஈஜிசிஜி. கூடவே கொஞ்சம் காஃபினும் இருக்கிறது.

இந்த இரண்டும் சேர்ந்து உடல் செலவிடும் ஆற்றலைக் கூட்டுமா என்பதை 1999-இல் ஜெனீவாவில் பத்து இளைஞர்களிடம் சோதித்தார்கள். கிரீன் டீ சாறு எடுத்துக்கொண்ட நாளில் அவர்கள் செலவிட்ட ஆற்றல் ஏறக்குறைய 4 சதவிகிதம் கூடியது. நாளுக்கு 2,000 கலோரி செலவிடுகிறவருக்கு இது 80 கலோரி, அதாவது ஓர் இட்லியும் கொஞ்சமும். 2008-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், சைக்கிள் மிதிக்கும்போது கொழுப்பு எரிவது 17 சதவிகிதம் கூடியதாகக் கண்டார்கள். பாக்கெட்டுகளின் பின்னால் இருக்கும் உற்சாகத்துக்கு இது போன்ற எண்கள்தாம் அடிப்படை. ஆனால் அதே பல்கலைக்கழகத்திலிருந்து 2013-இல் வெளியான மற்றோர் ஆய்வில், கிரீன் டீ சாற்றை ஒரு நாள் கொடுத்தும் ஏழு நாள் கொடுத்தும் பயிற்சியின்போது கொழுப்பு எரிவதில் எந்த மாற்றமும் இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பயிற்சி நேரத்தில் கொழுப்பு சற்றுக் கூடுதலாக எரிந்தால், மற்ற நேரத்தில் மாவுச்சத்து கூடுதலாக எரிந்து கணக்கு நேராகிவிடலாம். இடுப்புச் சுற்றளவு குறைய, நாள் முழுவதும் சாப்பிடுவதைவிடச் செலவிடுவது கூடுதலாக இருக்க வேண்டும். எடை கூடியவர்களிடம் நடந்த பரிசோதனைகளைத் திரட்டிப் பார்த்த 2012-ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வறிக்கையும், கிரீன் டீயால் குறையும் எடை மிகச் சொற்பம், மருத்துவ ரீதியாகப் பொருட்படுத்தும் அளவல்ல என்றே முடித்தது.

அப்படியானால் உங்களுக்குக் குறைந்த இரண்டு கிலோ? அதற்குப் பாதிப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: பால் டீயை நிறுத்தியிருக்கிறீர்கள். 100 மில்லி பால், இரண்டு டீஸ்பூன் சர்க்கரை போட்ட ஒரு டீ ஏறக்குறைய 100 கலோரி. மூன்று டீக்கு 300. சர்க்கரை மட்டும் 30 கிராம். உலக சுகாதார நிறுவனம் சேர்க்கும் சர்க்கரைக்குச் சொல்லும் சிறந்த வரம்பு நாளொன்றுக்கு 25 கிராம்தான். அந்த இடத்தில் கலோரியே இல்லாத ஒரு பானத்தைப் பழக்கிக்கொண்டீர்கள் பாருங்கள், கிரீன் டீ உங்களுக்குச் செய்த மிகப்பெரிய நன்மை அதுதான். ஜெனீவா ஆய்வில் கிடைத்த 80 கலோரியை இது சர்வசாதாரணமாகத் தாண்டிவிடுகிறது. நான்கு மாதம் விடாமல் ஜிம்முக்குப் போனதும் சேர்ந்து இந்த எடையைக் குறைத்திருக்கிறது. இதை நீங்கள் மனதார நம்ப வேண்டும். இலைக்குப் போகும் பெருமையில் பெரும்பகுதி உங்களுக்கு உரியது.

வேறு நன்மைகளும் உண்டு. கெட்ட கொழுப்பும் ரத்த அழுத்தமும் சிறிதளவு குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஜப்பானின் ஒசாகி பகுதியில் 40,530 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2006-இல் வெளியானது. நாளுக்கு ஐந்து கப், அதற்கு மேல் குடித்தவர்களிடம் இதயநோய், பக்கவாதத்தால் ஏற்படும் மரணங்கள் குறைவாக இருந்தன, அதுவும் பெண்களிடம் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அவர்களின் உணவு, நடை, வாழ்க்கை முறை எல்லாம் சேர்ந்த படம் அது. இலையின் பங்கை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது. பயிற்சிக்குப் பிந்தைய தசை வலிக்கு இது மருந்து என்றும் சொல்கிறார்கள். அதற்கான சான்றுகள் மிக மெலிந்தவை.

பயிற்சிக்கு முன் குடித்தால் வேகம் கிடைக்குமா என்றால், காஃபின் பலன் தர கிலோவுக்கு 3 மில்லிகிராமாவது வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் வழக்கமான கணக்கு. உங்கள் எடைக்கு 216 மில்லிகிராம். ஒரு கப் கிரீன் டீயில் இருப்பது சுமார் 30. ஆக, அந்த ஒரு கப் உங்களை எழுப்பிவிடும், அவ்வளவுதான். எழுப்பிவிடுவதே போதும் என்றால் தாராளமாகக் குடியுங்கள். வியர்த்து முடித்ததும் முதலில் தண்ணீர் குடியுங்கள். ஏப்ரல், மே வெயிலில் உப்புப் போட்ட நீர்மோரும் சேரட்டும், ஆனால் மாத்திரைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளி. வியர்வையில் போகும் உப்பைக் கிரீன் டீ திருப்பித் தராது. தசைக்குப் புரதமும் வேண்டும். முட்டை, சுண்டல், பருப்பு எதுவானாலும் சரி, டிபனில் ஒன்று இருக்கட்டும். மாலை நான்கு மணிக்குமேல் கிரீன் டீ வேண்டாம். காஃபினில் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், உடல் தேறுவது தூக்கத்தில்தான்.

கேப்ஸ்யூல் வேண்டவே வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. கப்பில் குடிக்கும்போது ஈஜிசிஜி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரோடு போகிறது. கேப்ஸ்யூலில் அது செறிவாக்கப்பட்டு ஒரே விழுங்கில் இறங்குகிறது. நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈஜிசிஜி கொடுக்கும் கேப்ஸ்யூல்கள் ஈரல் பாதிப்பின் அறிகுறிகளைக் காட்டுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த அளவுக்குக் கீழேதான் விற்க வேண்டும் என்று சட்டமே போட்டது. வெறும் வயிற்றில் எடுத்தால் ரத்தத்தில் அது இன்னும் வேகமாக ஏறும், ஜிம்முக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வெறும் வயிற்றில்தான் எடுக்கிறார்கள். சிலருக்கு மரபுவழியாகவே ஈரல் இதற்கு எளிதில் பாதிக்கப்படும், அதை முன்கூட்டித் தெரிந்துகொள்வது எளிதல்ல. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கும் தோழிகள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: கண் மஞ்சளானால், சிறுநீர் கருத்தால், காரணமில்லாமல் அரித்தால் உடனே நிறுத்திவிட்டு ஈரல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

எவ்வளவு, எப்படிக் குடிப்பது? இரண்டு மூன்று கப் போதும். கொதிக்கும் தண்ணீரை இலையில் ஊற்றினால் கசப்பு ஏறும், குடிக்கவே பிடிக்காமல் போகும். அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள், இரண்டு மூன்று நிமிடத்தில் இலையை எடுத்துவிடுங்கள். பிறகு பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று 2016-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. தேனும் சர்க்கரையும் வேண்டாம், போட்டால் பால் டீயை நிறுத்தியதற்கே பொருளில்லாமல் போகும். வார்ஃபரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்தோ, நாடோலால் என்ற ரத்த அழுத்த மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்ட பிறகே குடிக்க வேண்டும்.

நான்கு முதல் ஆறு வாரம் கழித்து ஹீமோகுளோபினை மறுபடி பாருங்கள், அப்போது ஃபெரிட்டின் பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். சேமிப்பில் இரும்பு எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லும். மாத்திரையைச் சரியான நேரத்தில் போட்டும் ஒரு கிராம்கூட ஏறவில்லையென்றால் ரத்தம் எங்கேயோ கசிகிறது என்று பொருளாகலாம். மாதவிடாயில் அதிகப் போக்கு உண்டா, வயிற்றில் புண் இருக்கிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டியிருக்கும். மாதவிடாய் எத்தனை நாள் நீடிக்கிறது, எத்தனை நாப்கின் மாற்றுகிறீர்கள் என்பதைக் கூச்சப்படாமல் குறித்து வைத்துக்கொண்டு போங்கள்.